நெல்லைக்கு மூன்று நாள் வருகிறவர்கள் எந்த வேளைக்கு எங்கே சாப்பிடலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்து நான்கு நண்பர்கள், இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், சுதந்திர தினத்தை ஒட்டி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் திருநெல்வேலியில் இருக்கப் போகிறார்கள். வெள்ளி காலை ரயிலில் வந்து இறங்கி ஞாயிறு ராத்திரி ரயில் ஏறுகிறார்கள். ஒருவர் சைவம். வீடியோக்களைப் பார்த்துப் பதினெட்டுக் கடைகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, சாயங்காலம் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு பீர் குடிக்க நல்ல பார் எது என்பதுதான் கேள்வி.

இந்த ஊரிலேயே பிறந்து, இன்றும் இங்கேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் நான். அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று ஏதாவது ஒன்றை மட்டும் எழுதுங்கள். நெல்லையில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு வேளை உண்டு. காலை ஆறரைக்கு இட்லிக்குப் பேர் போன கடையில் பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தால் ஆறிப்போன சாம்பார்தான் கிடைக்கும். ராத்திரி எட்டுக்குக் களைகட்டுகிற புரோட்டாக் கடையில் மதியச் சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் பாருங்கள், முக்கால்வாசிப் பெயர்கள் ராத்திரிப் பக்கம் குவிந்திருக்கும். புரோட்டாக் கல்லில் எழும் புகையும் சத்தமும் வீடியோவுக்கு நன்றாக இருக்கும், தேங்காய்ப்பாலில் செய்கிற சொதியை ஊற்றிய சோறு அவ்வளவு எடுபடாது. உங்களுக்கு இருப்பதோ இரண்டே ராத்திரி. அதனால் ராத்திரிப் பட்டியலில் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். இந்த ஊர்ச் சாப்பாட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது மதியமும் சாயங்காலமும்தான். அதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

தங்குமிடத்தைப் பற்றி இரண்டு வரி. ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை என்று ஊர் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. ரயில் நிலையம் ஜங்ஷனில். நெல்லையப்பர் கோயிலும் அதைச் சுற்றிய ரத வீதிகளும் டவுனில், ஜங்ஷனில் இருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் மேற்கே. பாளையங்கோட்டை தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம். 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டினால் வண்ணாரப்பேட்டை, அப்புறம் பாளை. ஜங்ஷனிலோ வண்ணாரப்பேட்டையிலோ அறை எடுத்தால் எல்லாப் பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். டவுனுக்குள் கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். சாயங்காலம் ரத வீதிகளில் நிறுத்த இடம் கிடைக்காது, அந்தக் கோபத்தோடு அல்வா சாப்பிட்டால் ருசிக்காது. ஆட்டோ போதும்.

வெள்ளி காலை ரயிலை விட்டு இறங்கியதும் குளித்துவிட்டு ஒரு சைவ ஹோட்டலுக்குப் போங்கள். பேர் முக்கியமில்லை, இட்லி எப்போது இறங்கியது என்பதுதான் முக்கியம். பரிமாறுகிறவரை இங்கே ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவது வழக்கம். “அண்ணாச்சி, இப்ப எது சூடா இருக்கு?” என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். மெனு அட்டையில் இருக்கும் நாற்பது வகைகளில் அந்த நேரத்துக்கு எது உருப்படி என்பது அவருக்குத்தான் தெரியும். எள் வறுத்துச் சேர்த்த மிளகாய்ப்பொடி கிடைத்தால் நல்லெண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது இட்லிக்குச் சட்னியே வேண்டாம் என்று தோன்றும்.

அன்று மதியம் சொதி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் இது இல்லவே இல்லை.

சொதி திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீடுகளின் கல்யாணச் சாப்பாடு. கல்யாணம் முடிந்த மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு இதைத்தான் போடுவார்கள், அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். சாம்பாரும் ரசமும் அன்றைக்குத் தலைகாட்டாது. தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுப்பார்கள். தண்ணீராக இருக்கும் மூன்றாம் பாலில் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி வேகும். வேகவைத்த பாசிப்பருப்பும், அரைத்த இஞ்சி பச்சைமிளகாயும் சேரும். அப்புறம் இரண்டாம் பால். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரைத்து வரும்போதே இறக்கிவிடுவார்கள், கொதிக்க விடுவதில்லை. இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். மிளகாய்த்தூள் கிடையாது, புளி கிடையாது. வெளிர்மஞ்சளாக, பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக இறங்கும், அதைச் செரிக்க வைக்கத்தான் இஞ்சி. நாக்குக்கும் அது வேண்டும். சொதிச் சோறு இரண்டு வாய், துவையல் ஒரு துளி, மொறுமொறு கிழங்கு ஒன்று என்று மாறி மாறிச் சாப்பிட்டால்தான் அந்தச் சாப்பாட்டின் கணக்குப் புரியும்.

இப்போது சில சைவ ஹோட்டல்களில் சொதிச் சாப்பாடு போடுகிறார்கள். எல்லா நாளும் இருக்காது, குறிப்பிட்ட நாளில் மட்டும் போடுகிற கடைகளே அதிகம். அதனால் காலையில் இட்லி சாப்பிடும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போகிற நேரம் பன்னிரண்டரைக்குள் இருக்கட்டும். தேங்காய்ப்பால் மறுபடி மறுபடி சூடேற்றினால் திரிந்துவிடும், மேலே எண்ணெய் பிரிந்து அடியில் தண்ணீர் நிற்கும். இரண்டரை மணிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ‘இதுக்கா இவ்வளவு பேச்சு’ என்று நினைப்பவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டால் அது வேறு சாப்பாடு.

சொதி கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். உளுந்தம்பருப்புச் சோறு போடுகிற இடம் கிடைத்தால் அதைப் பிடியுங்கள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசி, வெந்தயம், பூண்டு, தேங்காய்த்துருவல் போட்டுக் குழையாமல் வேகவைப்பது. எள்ளுத் துவையல்தான் இதற்கு ஜோடி. அவியலும் வைப்பார்கள். கூட்டாஞ்சோறு இன்னொன்று: அரிசி, துவரம்பருப்பு, கையில் கிடைத்த நாட்டுக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில். இவை மூன்றுமே வீட்டுச் சமையல், கடைக்கு வந்தது பிற்பாடுதான். நெல்லையில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்து ‘வீட்டுக்கு வாங்க’ என்று கூப்பிட்டால், பட்டியலில் இருக்கும் எந்தக் கடைக்காகவும் அந்த அழைப்பை விடாதீர்கள்.

அசைவம் சாப்பிடுகிற மூவருக்கு முதல் நாளே இலையில் சைவமா என்று தோன்றலாம். நீங்கள் வருவது ஆடி வெள்ளி. ஊரில் பாதி வீடுகளில் அன்று அசைவம் இல்லை, சைவக் கடைகளில் அன்றைக்குச் சமையல் மும்முரமாக நடக்கும், பண்டம் புதிதாக இருக்கும். ஊர் எதைச் சாப்பிடுகிறதோ அன்று அதைச் சாப்பிடுவது எப்போதும் நல்ல யோசனை.

சாயங்காலம் டவுன். நாலு மணிக்கு மேல் நெல்லையப்பர் கோயிலுக்குப் போங்கள், தட்டினால் இசை எழும் கல் தூண்களைப் பார்த்துவிட்டுக் கீழ ரத வீதிக்கு வாருங்கள். அல்வாவுக்குப் பேர் போன இருட்டுக்கடை கோயிலுக்கு எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது. பெயர்ப்பலகையைத் தேடாதீர்கள், கூட்டத்தைத் தேடுங்கள். சாயங்காலம் ஐந்து மணியை ஒட்டித் திறப்பார்கள், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். விடுமுறை நாளில் திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். நின்று வாங்குவது ஒரு அனுபவம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை தெருமுனை தாண்டியிருந்தால் நால்வரும் நிற்க வேண்டியதில்லை. ஒருவர் நிற்கட்டும், மற்றவர்கள் ரத வீதிகளைச் சுற்றி வாருங்கள். டவுனில் பழைய அல்வாக் கடைகள் வேறும் உண்டு, லட்சுமி விலாஸ் போல. அங்கே வாங்கினாலும் குறைவாக ஒன்றும் சாப்பிட்டுவிட மாட்டீர்கள்.

எங்கே வாங்கினாலும் பெட்டி கட்டுவதற்கு முன் நூறு கிராம் கையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். சின்ன இலைத் துண்டிலோ எண்ணெய்த்தாளிலோ கரண்டியால் வழித்து வைப்பார்கள். நல்ல அல்வா வைத்த இடத்தில் நிற்காது, சாய்த்தால் நகரும். ஓரத்தில் நெய் கசிந்து நிற்கும். நிறம் கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்தது, சீனி பாகாகிக் கருகும் பதத்தில் வருகிற நிறம். பளிச்சென்ற செக்கச் சிவப்பாக இருந்தால் அது சாயம். வாயில் போட்டால் பல்லுக்கு வேலை இருக்கக் கூடாது, ஆனால் கரைந்து காணாமலும் போகக் கூடாது, ஒரு இழுவை இருக்க வேண்டும். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, லேசாகப் புளித்து மேலே தெளிந்த தண்ணீரை வடித்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டினால்தான் அந்த இழுவை வரும். மாவைக் கரைத்து அவசரமாகக் கிண்டினால் பசை போல ஒட்டும். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரில் எல்லோரும் சொல்வோம், எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் தண்ணீர் எல்லாக் கடைக்கும் ஒன்றுதானே, கடைக்குக் கடை ருசி மாறுவது கிண்டுகிற பொறுமையில்தான்.

அல்வா சாப்பிட்டதும் கையில் கொஞ்சம் மிக்சரோ காரசேவோ வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்பின் திகட்டல் போய்விடும். ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய அல்வாவை ஞாயிற்றுக்கிழமை வாங்குங்கள், வெள்ளிக்கிழமையே வாங்கி அறையில் வைக்காதீர்கள். ஜங்ஷன் பக்கம் ஒரே மாதிரிப் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருக்கும். எது பழைய கடை என்று விடுதியில் கேட்டுவிட்டு வாங்குங்கள், எந்தக் கடையானாலும் முதலில் ருசி பாருங்கள். ருசி பார்க்கத் தர மாட்டேன் என்கிற அல்வாக் கடையை நான் நெல்லையில் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், நெய் உறைந்து கட்டியாகிவிடும். வெளியிலேயே சில நாள் நன்றாக இருக்கும்.

ராத்திரிக்கு வருவோம். வெள்ளி ராத்திரி ஊருக்குள்ளேயே புரோட்டா. கடையைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன், கல்லைப் பாருங்கள். நல்ல கடையில் மாஸ்டர் மாவை விசிறி, சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு எடுத்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அந்த அடியில்தான் அடுக்கு பிரியும். அடித்த கையோடு அது இலைக்குப் போக வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் அடித்து முடித்த புரோட்டா மலையாகக் காத்துக்கிடந்தால் அடுத்த கடைக்கு நடங்கள். இலையில் விழுந்ததும் துண்டு துண்டாகப் பிய்த்துப்போட்டு, சால்னாவை மேலே ஊற்றச் சொல்லி, ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவதுதான் இந்த ஊர் முறை. தனிக் கிண்ணத்தில் சால்னா வாங்கித் தொட்டுக்கொண்டால் பாதி ருசி போய்விடும். நாட்டுக்கோழி வறுவல் வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வாங்கிய வைரமாளிகை இருக்கிறது. தேங்காயெண்ணெய் வாசம் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் வாய் புதிதாக இருக்கும், மூன்றாவது வாயில் சரியாகிவிடும்.

உங்களில் சைவம் சாப்பிடுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. அசைவப் புரோட்டாக் கடையில் ‘வெறும் சால்னா’ என்று கேட்டால் கறித்துண்டு இல்லாமல் ஊற்றுவார்கள், ஆனால் அது கறி கொதித்த சால்னாதான். முட்டை போட்ட கல்லிலேயே புரோட்டாவும் வேகும். அவருக்காக மற்ற மூவரும் சைவ ஹோட்டலிலேயே உட்கார்ந்தாலும் சரி, இல்லை அவருக்கு முதலில் ஒரு சைவக் கடையில் தோசையும் குருமாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாலும் சரி. அசைவக் கடையில் ஒரு ஓரமாக உட்காரவைத்துத் தயிர்ச்சாதம் தேடுவது அவருக்கும் கஷ்டம், கடைக்காரருக்கும் கஷ்டம்.

சனிக்கிழமை குற்றாலம். தென்காசி இங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து குற்றாலம் பக்கம். ஜூனில் தொடங்கும் சாரல் ஆகஸ்டிலும் இருக்கும், கூட்டமும் இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, குளித்துவிட்டு, ரோட்டோரக் கடையில் சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். அருவியில் குளித்த பசிக்கு எந்தக் கடை இட்லியும் அமிர்தம். பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வந்திருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள்.

மதியம் பிரானூர் பார்டர். ரஹ்மத் கடை உங்கள் பட்டியலில் முதல் பெயராக இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற இடம் அது. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லை அங்கேதான் ஓடியது. லாரிகள் நின்று போன அந்த எல்லையில் வளர்ந்த சாப்பாடு இது. எல்லை மேற்கே மலைக்குப் போய்விட்டது, பார்டர் என்ற பெயரும் கடைகளும் அப்படியே நின்றுவிட்டன. புரோட்டா சின்னதாக, மெத்தென்று இருக்கும், எண்ணிச் சாப்பிட முடியாது. மிளகு தூக்கலான நாட்டுக்கோழி, காடை, பிச்சுப்போட்ட கோழி என்று கேட்டு வாங்குங்கள். விடுமுறை நாள் ராத்திரியில் அங்கே இடம் பிடிப்பது பெரும்பாடு. பின்னாலேயே ஆள் நின்றுகொண்டு நீங்கள் எப்போது எழுந்திருப்பீர்கள் என்று பார்த்தால் யாருக்குச் சாப்பாடு இறங்கும்? பன்னிரண்டு மணியை ஒட்டிப் போனால் கோழியும் சூடு, இடமும் உண்டு. சைவக்காரருக்குத் தென்காசியிலேயே இலைச் சாப்பாடு முடித்துவிட்டு வாருங்கள்.

இனி பார் விஷயம். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் வெளியூர்க்காரர்கள் தவறான எதிர்பார்ப்போடு வருகிறார்கள்.

முதலாவது, வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 15. அன்று தமிழ்நாடு முழுக்க மதுக்கடைகளுக்கு விடுமுறை. டாஸ்மாக் கடைகள் மட்டுமில்லை, அதோடு சேர்ந்த பார்களும், ஹோட்டல்களில் உரிமம் பெற்று நடக்கிற பார்களும் மூடித்தான் இருக்கும். மூன்று நாள் விடுமுறையாக அமைகிற நாட்கள் பலவும் இப்படித்தான்: ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம், மிலாது நபி, மகாவீர் ஜெயந்தி எல்லாமே மூடுகிற நாட்கள். அன்றைக்கு ‘எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு’ என்று சொல்லி யாராவது கூட்டிக்கொண்டு போனால் போகாதீர்கள். கள்ளத்தனமாக விற்கிற பாட்டிலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, இந்த மாநிலம் அதற்குக் கொடுத்த விலை உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, நெல்லை பார்களுக்கான ஊர் இல்லை. சென்னையில் இருப்பது போல இசை, மேசைவிளக்கு, கலவை பானங்கள் என்று தேடினால் கிடைக்காது. சில்லறை விற்பனை 2003-இல் இருந்து டாஸ்மாக் கையில்தான். கடை நேரம் மதியம் பன்னிரண்டில் இருந்து ராத்திரி பத்து வரை. 21 வயது ஆகியிருக்க வேண்டும். டாஸ்மாக் கடையோடு சேர்ந்த பார் உங்கள் நால்வருக்கும் சரிப்படாது. அங்கே நிதானமாக உட்காரவும் முடியாது, தொட்டுக்கொள்ளத் தருவதன் சுத்தத்துக்கும் உத்தரவாதம் கிடையாது. உங்களுக்கு ஏற்றது, பார் உரிமம் உள்ள நடுத்தர ஹோட்டலில் அறை எடுப்பதுதான். புக் செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். பார் தனி வாசலா, இல்லை ரெஸ்டாரண்ட் வழியாகவா? பெண்களும் சேர்ந்து உட்காரக்கூடிய இடமா? சாப்பாட்டுச் சமையலறையில் இருந்தே பாருக்கும் பண்டம் வருகிறதா? இங்கே ஹோட்டல் பார்களில் பெரும்பாலும் ஆண்கள் கூட்டம்தான். உங்கள் தோழிகளுக்கு அந்தப் பார்வைகள் நடுவே உட்காருவது நிம்மதியாக இருக்காது. அறைக்கே கொண்டுவந்து தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். தருவார்கள் என்றால் அதுவே நல்லது. பாரில்தான் உட்கார வேண்டும் என்றால் சாயங்காலம் ஆறரை ஏழுக்குப் போங்கள், ஒன்பதுக்கு எழுந்துவிடுங்கள். அதற்கப்புறம் புகையும் சத்தமும் கூடிவிடும்.

அதனால் குடிப்பது என்றால் சனிக்கிழமை ராத்திரி மட்டும், நெல்லைக்குத் திரும்பி, வாடகை வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு, தங்கியிருக்கிற ஹோட்டலிலேயே. சனி காலை அருவிக்குப் போவதற்கு முன் ஒரு துளியும் கூடாது. குற்றாலத்தில் திடீரென்று தண்ணீர் கூடும், பாறை வழுக்கும், கால் நிதானமாக இருக்க வேண்டும். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் போவதாக இருந்தால் அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து குடிப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். தாமிரபரணியில் குளிக்க வருகிற பிள்ளைகளின் காலைக் கிழிப்பது அந்த உடைந்த பாட்டில்கள்தான்.

கள் கிடைக்குமா என்றும் உங்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் 1987-இல் இருந்து கள்ளுக்குத் தடை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி உண்டு, ஆனால் குடித்துவிட்டு அந்த மலைச்சாலையில் திரும்பி வரும் திட்டத்தை நான் சொல்லித் தர மாட்டேன். பனை தருகிற நல்ல பானம் பதநீர். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவதால் புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும். மாசி, பங்குனி, சித்திரையில் வந்தால் காலையில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள், நுங்கை அதிலேயே வழித்துப் போட்டுக் குடிக்கலாம். ஆகஸ்டில் அந்தக் காலம் முடிந்திருக்கும். அதற்குப் பதில் கருப்பட்டிக் காபி குடியுங்கள். கருப்பட்டியைத் தட்டிப்போட்டுக் கொதித்த கறுப்புக் காபி, சுக்கும் சேர்ந்தால் அருவியில் குளித்த உடம்புக்கு நல்லது. மதுவோடு கலந்து குடிக்கப் பாட்டில் கேட்கிறவர்கள் கோலாவை விட்டுவிட்டு ஒரு பவண்டோ வாங்கிப் பாருங்கள். விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க்கின் சரக்கு அது, இந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் கையில் கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பட்டியலில் நான்கு ஊர்கள் இருக்கின்றன. ஒன்றைத் தவிர மற்றதை விடுங்கள். விடுமுறை ஞாயிறு திருச்செந்தூரில் கூட்டம் தாங்காது, சாப்பாட்டுக்காக அங்கே போக வேண்டியதில்லை. பிரியாணிதான் குறி என்றால் சங்கரன்கோவில் போய் சுல்தான் கடை மட்டன் பிரியாணியை மதியமே சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். கடல் மீன் வேண்டும் என்றால் தூத்துக்குடி, சுமார் 50 கிலோமீட்டர். தேங்காய் அரைத்து ஊற்றிய மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு வரும்போது மக்ரூன் வாங்கலாம். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்துச் செய்வது, கூம்பாக, தொட்டால் உடையும். முட்டை இருப்பதால் சைவக்காரருக்கு ஆகாது, அவருக்கு ஒரு பொட்டலம் கோவில்பட்டி கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள். என்னைக் கேட்டால் எங்கேயும் போகாமல், வெள்ளிக்கிழமை சொதி கிடைக்காமல் போயிருந்தால் அதை ஞாயிறு மதியம் தேடுவேன்.

சாயங்காலம் நாலரைக்கு பாளையங்கோட்டையிலோ டவுனிலோ ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் நில்லுங்கள். ஆமவடை, உளுந்தவடை, சுசியம், ரசவடை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் எண்ணெயில் இருந்து நேராக வரும். அப்புறம் அல்வா, மிக்சர், அப்பளம் வாங்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று கேட்டு வாங்குங்கள், அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர் அது, அப்பளத்துக்கே பேர் போனது. ராத்திரி ரயிலுக்குப் பார்சல் வேண்டும் என்றால் புரோட்டா வேண்டாம், ரயிலில் பிரிக்கும்போது ரப்பராகியிருக்கும், சால்னா பை கிழிந்தால் பெட்டி முழுக்க நாறும். முதல் நாள் காலையில் இட்லி சாப்பிட்ட கடைக்கே போய், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி அடுக்கித் தரச் சொல்லுங்கள். ஆளுக்கு நாலு இட்லி போதும், ஐந்தாகவே கட்டச் சொல்லுங்கள், எதிர் சீட்டில் இருப்பவர் கேட்பார்.